இன்டர்நெட்டில் ஏமாறுவது ஏன்?

(தஞ்சை மாவட்டக் கிராமமொன்றில், படிப்பக இளைஞர்கள் கூட்டிய கூட்டத்தில் பேசியது)



இன்டர்நெட்டைப் பற்றியும் அதில் நாம் மோசம் போகாமல் இருப்பதைப் பற்றியும் பேசவேண்டுமென்று இவ்வூர் இளைஞர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நான் அந்தச் சாஸ்திரம் படித்தவனல்ல. எஞ்சினியரும் அல்ல. ஆனால் ஏமாந்து போனவர்களோடு கூடப் பேங்குக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் நடந்து செருப்புத் தேய்ந்தவன் என்கின்ற ஒரு யோக்கியதை எனக்கு உண்டு. அந்த யோக்கியதையைக் கொண்டே பேசுகிறேன். நான் சொல்கிறேன் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் அறிவுக்குச் சரி என்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொண்டு மற்றதை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

இந்தச் சாதனம் நம்மிடம் வந்த கதையைக் கொஞ்சம் பார்ப்போம். இந்தியாவில் பொதுஜனங்களுக்கு இன்டர்நெட் விடப்பட்டது 1995ஆம் வருஷம் ஆகஸ்டு 15ஆம் தேதி. விட்டது வி.எஸ்.என்.எல். என்கின்ற சர்க்கார் கம்பெனி. அப்பொழுது அது பெரிய பட்டணத்துக்காரர்களுக்கும், அவர்களிலும் கையில் பணமுள்ளவர்களுக்குந்தான் எட்டுவதாயிருந்தது. டெலிபோன் கம்பி வழியாகக் கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டு அது வந்து சேருவதற்குள் ஒருவன் நிதானமாக வெற்றிலை போட்டு முடித்துவிடலாம். பிறகு தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் பிரவுசிங் சென்டர்கள் வந்தன. பரீட்சை முடிவு பார்க்கப் பிள்ளைகள் அங்கே வரிசையில் நின்றார்கள். 2016இல் ஜியோ கம்பெனி வந்து போட்டியில் விலை விழுந்த பின்னர், வரிசை போய்ச் சட்டைப் பைக்குள்ளேயே எல்லாம் வந்துவிட்டது. 2024 மார்ச்சுக் கணக்குப்படி இந்நாட்டில் இன்டர்நெட் இணைப்புகள் 95 கோடி. முப்பது வருஷத்துக்குள் இவ்வளவு தூரம் ஜனங்களிடம் பரவிய வேறொரு சாதனத்தைச் சொல்வது கஷ்டம்.

இதனால் நமக்குக் கெடுதியா என்றால், அல்லவே அல்ல. மேட்டூரில் இன்று எத்தனை அடி தண்ணீர் என்பதை முன்பு யாரோ ஒரு அதிகாரி சொல்லித் தெரிந்துகொள்ளவேண்டும். இன்று வரப்பில் உட்கார்ந்தபடியே பார்க்கிறோம். நமது பாபநாசத்துக்குப் பக்கத்தில் உத்தமதானபுரத்தைச் சேர்ந்த உ.வே. சாமிநாதய்யர் ஒரு ஏட்டுக்காக ஊர் ஊராய் அலைந்தார். அவ்வளவு பெரிய பண்டிதருக்கே அந்தப் பாடு. 1998 பொங்கலில் ஆரம்பித்த மதுரைத் திட்டம் பழைய தமிழ் நூல்களை ஒரு காசு வாங்காமல் இன்டர்நெட்டில் போட்டு வைத்திருக்கிறது. இன்று ஆடு மேய்க்கும் பையனும் அதைத் திறந்து குறளைப் படிக்கலாம். அவன் என்ன ஜாதி என்று போன் கேட்பதில்லை. இந்த வலையை 1989இல் யோசித்த டிம் பெர்னர்ஸ்-லீ என்கின்ற ஆங்கிலேயர் சுவிட்சர்லாந்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். அந்த நிலையம் 1993 ஏப்ரல் 30ஆம் தேதி, இதை யார் வேண்டுமானாலும் இலவசமாகக் கையாளலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. அப்படிப் பொதுவுக்கு வந்த பொருளை வேண்டாமென்று சொல்ல நான் யார்?

ஆகவே போனைத் தூக்கிக் கிணற்றில் போடு என்று சொல்லுவதற்கு நான் வரவில்லை. ஆற்றில் தண்ணீர் வருகிறது, வரப்பில் நண்டு வளை இருந்தால் ராத்திரியோடு ராத்திரியாக நம் தண்ணீர் அடுத்தவன் வயலுக்குப் போய்விடுகிறது. அதற்காக மேட்டூரை மூடச் சொல்லும் விவசாயி உண்டா? வளை எங்கே என்று தேடி மண் வைத்து மிதிப்பான். நாம் தேடவேண்டிய வளை போனில் இருப்பதைவிட நம் பழக்கத்தில் அதிகம் இருக்கிறது என்பதுதான் என் அபிப்பிராயம்.

என் மைத்துனர் சங்கதியைச் சொல்லுகிறேன். அவர் மூன்று ஏக்கர் விவசாயி. 2024ஆம் வருஷம் சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டு, பணம் பேங்குக் கணக்கில் வந்து விழுந்தது. இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. சர்க்கார் முத்திரை போட்டிருக்கிறது. "பி.எம். கிசான் பணம் நிறுத்தப்படும். உங்கள் விவரத்தைப் புதுப்பிக்க இதைத் திறக்கவும்" என்று ஒரு பைல். அனுப்பியவர் யார் என்று பார்த்தால், பக்கத்துத் தெருக்காரர் நம்பர். நமக்குத் தெரிந்த மனிதர்தானே என்று திறந்தார். அது என்னென்னவோ கேட்டது. கேட்டதற்கெல்லாம் "சம்மதம்", "சம்மதம்" என்று அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அறுவடை மெஷினைப் பார்க்கப் போய்விட்டார். மூன்றாம் நாள் மெஷின் வாடகை கொடுக்கப் பேங்குக்குப் போனால், 68,000 ரூபாயைக் காணோம்.

நடந்தது என்ன? அந்தப் பைல் ஏ.பி.கே. என்கின்ற வகையைச் சேர்ந்தது. செய்தியோ படமோ அல்ல. போனுக்குள் குடியேறுகிற ஒரு வேலையாள். அவர் அமுக்கிய முதல் சம்மதம், போனுக்கு வரும் குறுஞ்செய்திகளையெல்லாம் அந்த வேலையாள் படிக்கலாம் என்பது. பேங்கு அனுப்பிய ஓ.டி.பி.யை அவன் படித்துத் திருடனுக்கு அனுப்பினான். பிறகு மைத்துனர் போனிலுள்ள நம்பர்களுக்கெல்லாம் அதே பைலை மைத்துனர் பேராலேயே அனுப்பினான். பக்கத்துத் தெருக்காரர் நம்பரிலிருந்து வந்ததும் அப்படித்தான், அவரும் ஏமாந்தவரே. கல்யாணப் பத்திரிகை என்று சொல்லியும், போக்குவரத்து அபராதம் என்று சொல்லியும் இதே பைல் ஊர் சுற்றுகிறது. கடைசியில் ஏ.பி.கே. என்று முடிகிற எதையும், அனுப்பியவர் பெற்ற தகப்பனாரானாலும், திறக்கக்கூடாது. பி.எம். கிசான் பணம் வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. அது வருவதற்கு வாட்ஸ்அப் தேவையில்லை.

அவர் ஏன் அவ்வளவு சுளுவாகச் சம்மதம் கொடுத்தார்? அவர் மடையரல்ல. நாற்றைத் தொட்டுப் பார்த்து வயது சொல்லக்கூடியவர். ஆனால் நமக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. நெல் போடப் பதிவு, பட்டா, பயிர் இன்ஷூரன்ஸ், சாதிச் சான்று எதுவானாலும் கம்ப்யூட்டர் கடைக்குப் போகிறோம். ஆதார், பாஸ்புக், போன் மூன்றையும் மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே டீ குடிக்க நிற்கிறோம். "மாமா, ஒரு நம்பர் வந்திருக்கும் பாருங்க" என்று பையன் கேட்கிறான். தெரு முழுக்கக் கேட்கும்படி அதைப் படிக்கிறோம். அந்தப் பையன் யோக்கியனாகவே இருக்கலாம். ஆனால் யார் கேட்டாலும் ஓ.டி.பி. சொல்லலாம் என்று நாம் நம்மைப் பழக்கிக்கொண்டோம். பழகிய மாடு யார் பிடித்தாலும் பின்னால் போகிறது.

விவசாயிதான் இப்படி என்று எண்ணாதீர்கள். 2020இல் கொரோனா சமயத்தில், இதே பி.எம். கிசான் திட்டத்தில், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் முதலிய ஜில்லாக்களில் பாத்தியதை இல்லாதவர்கள் லட்சக்கணக்கில் சேர்க்கப்பட்டார்கள். 110 கோடி ரூபாய் இப்படிப் போனதாகச் சர்க்காரே அப்பொழுது சொல்லிற்று. எப்படி நடந்தது? அதிகாரிகளுக்கென்று கொடுத்த பாஸ்வேர்டு தரகர்கள் கைக்கும் கம்ப்யூட்டர் கடைகளுக்கும் போய்விட்டது. பீரோ சாவியை வாசல் மாடத்தில் வைத்துவிட்டுத் திருடனைத் திட்டுவது உத்தியோகஸ்தர்களுக்கும் உண்டு.

நிற்க. இனி "டிஜிட்டல் கைது" என்கின்ற பித்தலாட்டத்துக்கு வருகிறேன். இதில் விழுகிறவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள்: ரிட்டையர் ஆன அதிகாரி, டாக்டர், புரொபசர். ஒரு நாள் போன் வருகிறது. "உங்கள் பேரில் வந்த பார்சலில் போதை மருந்து இருந்தது" அல்லது "உங்கள் ஆதாரைக் கொண்டு கறுப்புப் பணம் கைமாறியிருக்கிறது" என்கிறான். பிறகு வீடியோவில் போலீஸ் உடுப்போடு ஒருவன் வருகிறான். அவன் பின்னால் கொடி, மேஜை, முத்திரை எல்லாம் இருக்கிறது. சில சமயம் கோர்ட்டும் நீதிபதியுங்கூட வந்துவிடுகிறார்கள்! "உன்னைக் கைது செய்திருக்கிறோம். கேமராவை அணைக்காதே. பெண்டாட்டி பிள்ளையிடம்கூடச் சொல்லாதே" என்று சொல்லி, நாள் கணக்கில் அந்த ஆளை அவர் வீட்டிலேயே உட்கார வைத்து, சேமித்த பணம் முழுவதையும் "பரிசோதனைக்கு" என்று வேறு கணக்கில் போடச் சொல்லி வாங்கிக்கொள்கிறான்.

டிஜிட்டல் கைது என்று ஒன்று இந்த நாட்டுச் சட்டத்தில் கிடையாது. போலீஸ்காரன் வீடியோவில் கைது செய்ய முடியாது. எந்தக் கோர்ட்டும் பணத்தை ஒருவன் கணக்கில் போட்டுக் காட்டு என்று போனில் கேட்பதில்லை. 2024 அக்டோபரில் பிரதம மந்திரியே இதை ரேடியோவில் சொன்னார். அதற்குப் பிறகும் ஏமாறுவது நிற்கவில்லை. 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்த வழக்குகளை விசாரிக்கும்படி சி.பி.ஐ.க்கு உத்திரவு போடவேண்டி வந்தது.

படித்தவன் ஏன் விழுகிறான்? நமது தஞ்சை ஜில்லாவில் வயதானவர்களுக்கு இது தெரியும். பண்ணைக்காரர் எதிரே வந்தால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓரமாக நின்ற காலம் ஒன்று இருந்தது. அப்படி நின்றவனிடம் "நீ எவ்வளவு கடன்?" என்று கேட்டால், வாங்காத கடனுக்கும் கைநாட்டு வைப்பான். எதிரே இருப்பவன் சொல்வது நிஜமா பொய்யா என்று பார்க்கிற புத்தி, துண்டு இறங்கும்போதே இறங்கிப்போகிறது. துண்டைத் தோளில் போடுவதற்கு இந்த ஜில்லாவில் ஆட்கள் அடியும் உதையும் பட்டார்கள். இன்று மாதம் லட்ச ரூபாய் பென்ஷன் வாங்குகிறவர், எவனோ வாடகைக்கு எடுத்த ஒரு காக்கிச் சட்டையைப் போன் கண்ணாடியில் பார்த்ததும் அந்தத் துண்டை எடுத்து மறுபடி கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறார். "நீ எந்த ஸ்டேஷன்? நான் நேரில் வருகிறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டால் அவன் வியாபாரம் அந்த நிமிஷமே படுத்துவிடும். அதைச் சொல்லத்தான் வாய் வருவதில்லை.

இதைச் செய்கிறவன் யார் என்பதிலும் ஒரு பரிதாபம் இருக்கிறது. நம் பிள்ளைகள் கப்பலேறுவதும் விமானம் ஏறுவதும் இந்த ஜில்லாவுக்குப் புதிதல்ல. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, நல்ல சம்பளம் என்று இன்டர்நெட்டில் விளம்பரம் பார்த்துப் போன இளைஞர்கள், எல்லை தாண்டி மியான்மருக்குள் கொண்டுபோகப்பட்டு, துப்பாக்கிக் காவலில் அடைக்கப்பட்டு, ஊராரை ஏமாற்றும் வேலையைச் செய்யும்படி அடிக்கப்பட்டார்கள். 2022 அக்டோபரில் அப்படி மாட்டிக்கொண்ட 13 தமிழர்கள் மீட்கப்பட்டுச் சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள். இப்படி வேலை வாங்கப்படுகிறவர்கள் மியான்மரில் ஒரு லட்சத்து இருபதினாயிரம் பேர், கம்போடியாவில் ஒரு லட்சம் பேர் இருக்கக்கூடும் என்று ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை அலுவலகம் 2023இல் கணக்குச் சொல்லிற்று. ஆகவே, ஏஜெண்டு சொன்னான் என்று பாஸ்போர்ட்டைக் கொடுப்பதற்கு முன், அவன் சர்க்காரில் பதிந்த ஏஜெண்டுதானா என்று விசாரியுங்கள். உள்ளூரிலும் ஒரு வலை உண்டு. "உன் பேங்குக் கணக்கைக் கொஞ்ச நாள் இரவல் கொடு, அய்யாயிரம் தருகிறேன்" என்பான். திருட்டுப் பணம் அந்தக் கணக்கு வழியாகத்தான் ஓடும். போலீஸ் முதலில் பிடிப்பது கணக்குக்காரனை. கல்லூரிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

இனி, வந்ததையெல்லாம் அனுப்புகிற வியாதி. முன்பு தபால் கார்டில் ஒரு சங்கதி வரும். "இதைப் பத்துப் பேருக்கு எழுதினால் புதையல் கிடைக்கும், எழுதாதவன் ரத்தம் கக்குவான்" என்று. பயந்துகொண்டு காலணாக் கார்டு பத்து வாங்கினவர்கள் அநேகம். கார்டில் எழுதக் கை வலிக்கும். ஆதலால் ஓரளவில் நின்றது. இன்று விரல் நுனி போதும். 2018 மே மாதத்தில், பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் புரளி ஓடிற்று. திருவண்ணாமலை ஜில்லா போளூருக்குப் பக்கத்தில், குலதெய்வக் கோயிலைத் தேடிப் போன ஒரு குடும்பம் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. அதைக் கண்டு ஊர் கூடி அடித்ததில் 65 வயது மூதாட்டி ஒருவர் செத்தே போனார். அந்தக் காலத்தில் நாடு முழுக்கச் சுற்றிய ஒரு படம், பாகிஸ்தானில் குழந்தைகளின் பாதுகாப்புக்காக ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த விளம்பரம். கடைசியிலே உள்ள விளக்கத்தை வெட்டியெறிந்துவிட்டு அதை நிஜமென்று அனுப்பினார்கள். அடித்தவர்கள் மேல் வழக்கு வந்தது. அனுப்பினவர்கள் எத்தனை ஆயிரம் பேர்? அவர்களெல்லாம் இன்றும் நல்லவர்கள்தான்!

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடநாட்டுத் தொழிலாளிகளை வெட்டுகிறார்கள் என்று எங்கோ நடந்த சண்டைகளின் படங்களைச் சேர்த்து அனுப்பினார்கள். பீகார் சர்க்கார் ஆட்களை அனுப்பி விசாரித்துப் பொய்யென்று கண்டது. அதற்குள் எத்தனையோ பேர் பயந்து ரயிலேறிவிட்டார்கள். நமது வயல்களிலே இன்று நடவு நடுகிறவர்களில் அந்த ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள் அல்லவா? ஒரு படம் வந்தால், இது எந்த ஊர், எந்தத் தேதி, யார் எடுத்தது என்று கேளுங்கள். தெரியாவிட்டால் அது உங்கள் போனோடு நிற்கட்டும்.

இவ்வளவையும்விடத் திருடனுக்கு அதிகம் உதவி செய்வது வெட்கம். என் மைத்துனர் பணம் போன சங்கதியை ஒன்பது நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஊர் சிரிக்குமாம்! அந்த ஒன்பது நாளில் பணம் எத்தனை கணக்கு மாறிற்றோ! 1930 என்று ஒரு நம்பர் இருக்கிறது. பணம் போனதும் அதில் கூப்பிட்டுச் சொன்னால், போலீசும் பேங்குகளும் ஒரே ஏற்பாட்டில் இருப்பதால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கை அங்கேயே முடக்கிப்போட வழியுண்டு. மணி கணக்கில் சொன்னால் பலன். நாள் கணக்கில் போனால் கிடைப்பது அருமை. ரிசர்வ் பேங்கு 2017 ஜூலையில் போட்ட உத்திரவு ஒன்றும் உண்டு. நம் தப்பும் பேங்கின் தப்பும் இல்லாமல் வேறெவனோ பணத்தை எடுத்திருந்தால், மூன்று வேலை நாளுக்குள் பேங்குக்குத் தெரிவித்தவனுக்கு நஷ்டமில்லை. நாமே நம்பரைச் சொல்லிக் கொடுத்திருந்தால், பேங்குக்குத் தெரிவிக்கிற வரையில் போனது நம் தலையில். தெரிவித்த பிறகு போவது பேங்கின் தலையில். வெட்கப்பட்டு உட்கார்ந்தவன் இரண்டு விதத்திலும் கெட்டான். 2024 ஒரு வருஷத்தில் மாத்திரம் இந்நாட்டு ஜனங்கள் இப்படி இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று சர்க்கார் பார்லிமெண்டில் சொல்லியிருக்கிறது. இத்தனை கோடியை இழந்த கூட்டத்தில் நாம் ஒருவர் என்பதில் என்ன வெட்கம்?

பெண்கள் விஷயத்தில் இந்த வெட்கம் உயிரையே வாங்குகிறது. கடன் கொடுக்கிறோம் என்று வரும் ஆப்கள், போனிலுள்ள படத்தை எடுத்து, நிர்வாணப் படத்தோடு ஒட்டி, சொந்தக்காரர்களுக்கு அனுப்புவோம் என்று மிரட்டுகின்றன. ஒட்டினவன் வெட்கப்படவில்லை, ஒட்டப்பட்டவள் தூக்குப் போட்டுக்கொள்கிறாள்! 2019இல் வெளிவந்த பொள்ளாச்சிக் கொடுமையைப் பாருங்கள். பழகி, அழைத்துப்போய், பலாத்காரம் செய்து, படமெடுத்து மிரட்டினார்கள். படம் வெளிவந்தால் குடும்ப மானம் போகும் என்று அந்தப் பெண்கள் வாய் மூடியிருந்ததுதான் அந்தப் பாவிகளுக்கு மூலதனம். ஒரு பெண் வாய் திறந்தாள். 2025 மே 13ஆம் தேதி கோவை மகளிர் கோர்ட்டு ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று தீர்ப்பளித்தது. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்கின்ற சர்க்கார் தளத்தில், பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட குற்றங்களைத் தன் பேரைச் சொல்லாமலே எழுதிக் கொடுக்கலாம். மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள். செய்திகளை அழிக்காதீர்கள்; அதுதான் சாட்சி.

இன்னும் சில்லறைச் சங்கதிகள் உண்டு. பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் போடவேண்டியதே இல்லை, கொடுப்பதற்குத்தான் போடவேண்டும். "பணம் அனுப்பியிருக்கிறேன், பின் போடுங்கள்" என்பவன் திருடன். எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து, அதையும் பிள்ளை பேரும் பிறந்த வருஷமுமாக வைக்காதீர்கள். நெல் பணம் விழுகிற கணக்கு வேறு, போனில் செலவு செய்கிற கணக்கு வேறு என்று இரண்டாக வைத்துக்கொண்டால், போனாலும் கொஞ்சந்தான் போகும். பத்தாயத்தை வாசலில் யாரும் வைப்பதில்லை.

நேரமாகிவிட்டது. கேள்விகளைச் சீட்டில் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருந்தேன். முதல் சீட்டு: "பெண்பிள்ளைகள் கையில் போன் கொடுப்பதால்தானே இந்தத் தொல்லையெல்லாம்?" என்று ஒரு தோழர் கேட்கிறார். பேர் போடவில்லை. சரி. என் மைத்துனருக்குப் பத்தாவது படிக்கிற மகள் ஒருத்தி உண்டு. ஏ.பி.கே. என்றால் என்ன என்று அவளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அன்று அந்தச் செய்தி வந்தபோது அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். "என்னப்பா அது, காட்டுங்க" என்று கை நீட்டினவளை, "பொம்பளப் புள்ளைக்கு போன் எதுக்கு, போய் படி" என்று அவர் விரட்டியிருக்கிறார். 68,000 ரூபாய்! இப்பொழுது அந்த வீட்டில் எந்தச் செய்தி வந்தாலும் முதலில் அவள்தான் பார்க்கிறாள். அடுத்த சீட்டைக் கொடுங்கள்.